வாசலில் விட்ட செருப்பு

செருப்பு தடுப்புக் கம்பிக்குப் பின்னால் போயிருந்தது. அன்னமேரி இடது கையை நீட்டினாள், எட்டவில்லை. குடையின் வளைந்த பிடியை உள்ளே விட்டு இழுத்தாள். ஒன்று வந்தது. இன்னொன்று எதிலோ மாட்டிக்கொண்டு நின்றது.

கடையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே யாரோ பெருக்குகிற சத்தம் கேட்டது. அவள் குந்தியபடியே இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள்.

“யாரது?”

குடையை வெளியே இழுத்துக்கொண்டாள். வாட்ச்மேன் கோதண்டபாணி கையில் டீ கிளாஸோடு பக்கத்துச் சந்திலிருந்து வந்தார். நீலச் சட்டையின் மேல் பொத்தான்களை இன்னும் போட்டிருக்கவில்லை.

“நீங்களாம்மா? கை எப்டி இருக்குது?”

“இருக்குதுங்க.”

“கட்டு பிரிச்சிட்டாங்களா?”

“பிரிச்சாச்சு. திரும்ப மாட்டேங்குது.”

அவர் அவள் வலது கையைப் பார்த்தார். பிறகு குடையைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். அதன் வாரில் நீலக் கம்பி சுற்றியிருந்தது. அறுந்தபோது அவளே சுற்றியது.

“செருப்ப எடுக்க வந்தீங்களாக்கும்.”

“ஏஞ் செருப்புதானே.”

“ஒங்க செருப்புதான், யாரு இல்லன்னா? குப்ப வண்டிக்காரன் வாரிக்கிட்டுப் பூடப் போறான்னு நாந்தான் உள்ள தள்ளி வச்சேன். ஆனா இப்ப எடுக்க முடியாதும்மா. ஒங்க வக்கீல் நோட்டீசு வந்த அன்னிக்கு மேனேஜரு இதப் பாத்துட்டாரு. இது இங்கியே கெடக்கட்டும், யாரும் தொடக் கூடாதுன்னுட்டாரு.”

அன்னமேரி எழுந்து நின்றாள். உள்ளே பெருக்குகிற சத்தம் நின்றிருந்தது. வெளியே வந்திருந்த செருப்பைக் குடையின் நுனியால் பழையபடி உள்ளே தள்ளினாள். அது கோணலாகப் போய் நின்றது. கோதண்டபாணி காலை நீட்டி அதை ஜோடியோடு சேர்த்து வைத்தார்.

“நான் வந்தத சொல்லிடாதீங்கய்யா.”

“நீங்க எப்பம்மா வந்தீங்க? நான் டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன்” என்றார் அவர்.

கடையிடம் நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவில் ஒரு வரி இருந்தது. ‘மனுதாரர் காலணி அணிந்து, உரிய கவனத்துடன் நடந்து சென்றபோது.’ வக்கீல் பானுமதி அதை வாசித்துக் காட்டிய அன்றைக்கு அன்னமேரி தலையாட்டிவிட்டாள். வக்கீல் வேகமாக வாசித்தார். நிறுத்திச் சொல்லலாமா என்று அவள் யோசிப்பதற்குள் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். எல்லா மனுவிலும் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இடது கையால் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரில் ‘மேரி’ மட்டும் தெளிவாக விழுந்தது.

அவள் செருப்பு அணிந்திருக்கவில்லை.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த வருஷமே அவள் பீங்கான் வேலைக்குப் போய்விட்டாள். முதலில் மண் சுமந்தாள். பிறகு அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரம் சீவினாள். கடைசியில் முக்குகிற வேலைக்கு வந்தாள். சுட்டெடுத்த பியூஸ்கட்டையையோ ஊறுகாய் ஜாடியையோ அடியில் பிடித்து, பாலாடைபோலிருக்கும் கிளேஸ் என்கிற மெருகுக் குழம்பில் முக்கி, மணிக்கட்டை ஒரு சுற்றுத் திருப்பி, தூக்கி, ஒரே ஒரு உதறு. அந்தத் திருப்பலில்தான் எல்லாம் இருக்கிறது. திருப்பாவிட்டால் கிளேஸ் ஒரு பக்கமாக வழிந்து திட்டாக நின்றுவிடும். சூளையிலிருந்து வெளியே வரும்போது கண்ணீர் ஒழுகியதுபோல் இருக்கும். எடுக்க மாட்டார்கள்.

முக்குகிறவர்களின் கால் எப்போதும் வெள்ளையாக இருக்கும். தொட்டியைச் சுற்றிலும் தரை ஈரம். விரல்களை மடக்கித் தரையைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். சாயங்காலம் காலை அலம்பினாலும் நகக்கண்ணிலும் குதிகால் வெடிப்பிலும் மண் நிற்கும். காய்ந்தால் பொடி. நனைந்தால் சோப்பு.

ஜங்ஷன் ரோட்டில் அந்தச் சூப்பர் மார்க்கெட் திறந்த புதிதில் ஒரு சனிக்கிழமை அவளும் கூட வேலை செய்கிற பூவாயியும் உள்ளே போனார்கள். தரை முகம் தெரிகிற மாதிரி இருந்தது. அன்னமேரி வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றினாள். யாரும் சொல்லவில்லை. செருப்பின் அடியில் ஒட்டியிருந்த மண்ணை நினைத்ததும் கால் தானாகக் கழற்றிவிட்டது. கோதண்டபாணிக்கு அது பிடித்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து வேலை விட்டு வருகிற பெண்களை நிறுத்தி, “யம்மா, அந்தம்மா மாரி கழட்டி வச்சிட்டுப் போங்க” என்று சொல்ல ஆரம்பித்தார். மற்றவர்கள் செருப்போடும் ஷூவோடும் போய்வந்தார்கள். இவர்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். கடைக்கும் வழக்கமாகிவிட்டது, இவர்களுக்கும் வழக்கமாகிவிட்டது.

மாசி மாதத்தில் ஒருநாள், எண்ணெய் அடுக்கியிருக்கிற இடத்தில், அவள் வழுக்கி விழுந்தாள்.

அங்கே ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று இருந்தது. அடியில் ஒழுகும். அட்டைப் பெட்டியைப் பிரித்து அங்கே விரித்து வைத்திருப்பார்கள். அன்றைக்கு அட்டை இல்லை. கால் போனது. வலது கையை ஊன்றினாள். சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகு வந்தது. “சேசு மரி சூசை” என்று அவள் சொன்னதைப் பூவாயி பிற்பாடு எல்லோரிடமும் நடித்துக் காட்டினாள். படுத்த நிலையில் அன்னமேரி முதலில் பார்த்தது தன் கால் இழுத்துக்கொண்டு போன கோட்டைத்தான். நீளமாக, வெள்ளையாக, பளபளவென்று இருந்தது.

அது தண்ணீரா, அவள் மண்ணா?

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னார்கள். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் சும்மா இருக்க முடியவில்லை, குடத்தைத் தூக்கினாள். கட்டுப் பிரித்தபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. புதுச்சேரியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, திரும்ப உடைத்துத் தகடு வைத்தால் மணிக்கட்டு திரும்பும் என்றார். செலவைச் சொன்னார். அவளும் புருஷன் செபாஸ்டியனும் அந்தத் தொகையை நினைத்தபடியே படிக்கட்டில் இறங்கினார்கள்.

கடைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பழக்கூடை அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கேமராவில் பதிந்தது ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது, அழிந்துவிட்டது என்றார்கள். பூவாயியின் தங்கை மகன் சொல்லித்தான் பானுமதி வக்கீலிடம் போனார்கள். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் சட்டப் பணிகள் குழுவில் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசுவார்கள், முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்று அவர் மனு போட்டார்.

“செருப்பு போட்டிருந்தேன்னு சொல்லிடு. ஒரு வார்த்ததானே” என்றான் செபாஸ்டியன். ஆட்டோவின் முன் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

“செருப்பு அங்க கெடக்குதே.”

“கெடந்தா? வுழுந்தப்ப கழண்டு போச்சுன்னு சொல்லு.”

“கழண்டு, நடந்து போயி, வாசல்ல ஜோடியா நிக்குமா?”

அவன் காற்று அடிப்பதை நிறுத்தினான். “அன்னிக்கி ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே கேட்டேன் பாரு, செருப்பு எங்கன்னு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே போயி எடுத்தாந்திருப்பேன்.”

“கை முறிஞ்சி கெடக்குறேன். செருப்பு எங்கன்னு கேட்டது நீங்க ஒருத்தருதான்.”

“சரி வுடு.”

“பைபிள் மேல கைவச்சி சத்தியம் பண்ணச் சொன்னா என்னா பண்றது?”

“எந்தக் கையி? வலது கைதான் திரும்பாதே” என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் மறுபடி காற்று அடிக்க ஆரம்பித்தான்.

கம்பெனியில் அவளைப் பேக்கிங்கில் உட்கார வைத்திருந்தார்கள். இடது கையால் வைக்கோலைப் பிரித்து ஜாடிகளுக்கு நடுவே செருக வேண்டும். அவள் தொட்டியில் இப்போது பூவாயி முக்கிக்கொண்டிருந்தாள். பூவாயி நன்றாகத்தான் முக்கினாள். அன்னமேரி வைக்கோலைச் செருகிக்கொண்டே பூவாயியின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலாளி ஒருநாள் வந்து நின்று, “கொலு பொம்ம ஆர்டரு வருதும்மா. அதுக்குள்ள கைக்கு ஒரு வழி பாத்துக்க. பேக்கிங்குக்கு நான் ரெண்டு பேர வச்சிக்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லபடியாகத்தான் சொன்னார்.

“யக்கா, நீ ஏன் பயப்படுற? ஒழுகுன பெட்டி அவங்க பெட்டி” என்றாள் பூவாயி.

“காலு என் காலுடி.”

“காலு இல்லாம எப்டி கடைக்குப் போறது? தவழ்ந்துகிட்டா?”

“மண்ணும் தண்ணியும் சேந்தா என்னா ஆவும்னு நமக்குத் தெரியாதா.”

பூவாயி ஜாடியைத் தொட்டியிலிருந்து தூக்கி உதறினாள். அவளுக்கும் தெரியும்.

விசாரணைக்கு முந்தைய வாரம் அன்னமேரி தனியாக வக்கீல் ஆபீசுக்குப் போனாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். பானுமதி போனில் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சுவரில் ஓடுகிற பல்லியைப் பார்த்தபடி அன்னமேரி வாக்கியத்தை அமைத்தாள். மேடம், அன்னிக்கு நான் செருப்பு போடல. அவ்வளவுதான். மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

போன் பேச்சு முடிந்தது. “நல்லவேளை வந்தீங்க. அவங்க பேச ஒத்துக்கிட்டாங்க. மனுவுல எழுதுனத அப்படியே சொன்னா போதும். மாத்திச் சொன்னா மட்டும் கெட்டுப் போயிடும். ஏதாவது சொல்லணுமா?”

“இல்லீங்க மேடம்.”

“சும்மா பார்க்க வந்தீங்களா?”

“ஆமாங்க.”

பானுமதி சிரித்து, தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

அதற்குப் பிறகுதான் அவள் குடையை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கடை வாசலுக்குப் போனது. செருப்பு இல்லாமல் வீட்டுக்குத் திரும்பினாள். திரும்பி வந்தபின் ராத்திரிகளில் தூக்கம் பிடிக்கவில்லை. செபாஸ்டியன் குறட்டை விடுகிறபோது எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பாதியில் நின்றது. மேலே போகவில்லை.

கோர்ட்டு வளாகத்தில் அந்த அறை சிறியது. ஒரு நீளமான மேஜை. நீதிபதி கறுப்பு அங்கி போடாமல் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் குழுவின் வக்கீல் ஒருவர். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் இனியவன், கடையின் பெயர் தைத்த சட்டையோடு. கதவருகே சுவரை ஒட்டிக் கோதண்டபாணி நின்றுகொண்டிருந்தார். அன்னமேரி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

யாரும் சத்தியம் கேட்கவில்லை.

பானுமதி பேசினார். ஒழுகிய பெட்டி, எடுக்கப்பட்ட அட்டை, எச்சரிக்கைப் பலகை இல்லாதது, முக்குகிற வேலை போனது. நீதிபதி தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு இனியவனைப் பார்த்தார். இனியவன் கீழே குனிந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேஜைமேல் வைத்தான். உள்ளே அவள் செருப்பு இருந்தது. நீலக் கம்பி தெரிந்தது.

“அய்யா, மனுவே பொய்ங்க. செருப்பு போட்டுக்கிட்டு நடந்தேன்னு எழுதியிருக்காங்க. செருப்ப வாசல்லயே வுட்டுட்டு, வேலை செஞ்ச மண்ணுக் காலோட உள்ள வந்தாங்க. அவங்க கால்ல இருந்த மண்ணு வழுக்கி வுழுந்தாங்க. எங்க வாட்ச்மேனே பாத்திருக்காரு, கூட்டிட்டு வந்திருக்கேன். பெட்டி ஒழுகுச்சின்னு சொல்றதுக்கு யாரு சாட்சி? அவங்க கூட்டாளிதான்.”

பானுமதி மெதுவாக இவள் பக்கம் திரும்பினார். “இது உங்களோடதா?”

“ஆமாங்க.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?” உதடு அசையாமல் கேட்டார்.

நீதிபதி மனுவைப் புரட்டி அந்த வரியைத் தேடினார். கிடைத்துவிட்டது. விரலை அதன்மேல் வைத்தார். “ஏம்மா, இதுல ஒண்ணு இருக்குது, மேஜைல ஒண்ணு இருக்குது. எது உண்மை?”

“செருப்பு போடலீங்க.” சொல்லிவிட்டாள். இதோடு முடிந்தது என்று நினைத்தாள். புதுச்சேரியின் படிக்கட்டு ஞாபகம் வந்தது.

“ஏன் கழட்டுனீங்க?”

“வழக்கமுங்க.”

“என்ன வழக்கம்? கடைக்கு வர்றவங்க எல்லாருமே கழட்டிட்டுத்தான் வருவாங்களா?”

“அப்படியெல்லாம் இல்லீங்கய்யா. எங்களது நல்ல கடை, எல்லாரும் செருப்போடதான் வருவாங்க” என்றான் இனியவன் அவசரமாக.

“அப்ப இந்தம்மா மட்டும் ஏன் கழட்டுனாங்க?”

கதவருகே கோதண்டபாணி தொண்டையைச் செருமினார்.

“நாந்தாங்க சொல்லுவேன். பீங்கான் கம்பெனி பொம்பளைங்க வந்தா கழட்டிட்டுப் போங்கன்னு. தரை அழுக்காவும்னு.”

“யாரு அப்படிச் சொல்லச் சொன்னாங்க?”

கோதண்டபாணி இனியவனைப் பார்த்தார். இனியவன் பிளாஸ்டிக் பையைப் பார்த்தான்.

“நானா சொன்னதுதாங்க” என்றார் கோதண்டபாணி.

“அவரா செஞ்சதுங்க அய்யா. நிர்வாகத்துக்குத் தெரியாது” என்றான் இனியவன்.

“அவருக்குச் சட்டை தெச்சுக் கொடுத்தது யாரு? நிர்வாகந்தானே?” என்றார் பானுமதி. அவர் குரல் மாறியிருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “மத்தவங்க செருப்போட போகலாம். வேலை செஞ்சிட்டு வர்ற பொம்பளைங்க மட்டும் வெறுங்காலோட போகணும். வெறுங்காலோட அனுப்புற தரையில தண்ணி ஒழுகுது. அய்யா, என் மனுவுல இருக்குற தப்ப நான் ஒத்துக்கிறேன். ஆனா இது அதவிடப் பெருசு.”

அன்னமேரி வாயைத் திறந்தாள். முதலில் கழற்றியது நான்தான், அவர் என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குச் சொன்னார், அவர் சொல்லியிருக்காவிட்டாலும் நான் கழற்றியிருப்பேன். வாக்கியம் முழுதாக இருந்தது. வக்கீல் ஆபீசில் அமைத்ததைவிடச் சரியாக இருந்தது. மேஜைக்கு அடியில் பானுமதியின் கை வந்து அவள் இடது கையை அழுத்தியது.

கோதண்டபாணி இப்போது அவளைப் பார்த்தார். முதலில் கழற்றியது யார் என்று அந்த அறையில் அவருக்கும் தெரியும். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அன்றைக்குக் காலையில் டீ கிளாஸோடு நின்றபோது இருந்த முகந்தான்.

அவள் மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“ஏதாவது சொல்லணுமாம்மா?” என்றார் நீதிபதி.

“இல்லீங்கய்யா.”

இனியவன் வெளியே போய்க் கடை முதலாளியிடம் போனில் பேசிவிட்டு வந்தான். மறுபடி போனான். மறுபடி வந்தான். மூன்றாம் முறை உள்ளே வந்தபோது உட்காரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுதையும் கடை ஏற்றுக்கொள்ளும், வேலைக்குப் போகாத மாதங்களுக்குக் கேட்டதில் பாதி கொடுக்கும் என்று எழுதினார்கள். தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், மனிதாபிமான அடிப்படையில் என்றும் எழுதினார்கள். அதை வாசித்தபோது பானுமதி, “எழுதிட்டுப் போறாங்க, விடுங்க” என்றார். அன்னமேரி இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து பார்த்தபோது கோதண்டபாணி இல்லை. இனியவனின் வண்டியும் இல்லை.

“நீங்க முதல்லயே சொல்லியிருந்தா இதையே மனுவுல எழுதியிருப்பேன். எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா” என்றார் பானுமதி. பிறகு பிளாஸ்டிக் பையை அவளிடம் நீட்டினார். “இத மறந்துட்டீங்க.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்னமேரி வேலைக்குப் போனாள். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னாள். கொலு ஆர்டர் முடிகிறவரை பூவாயி முக்கட்டும், கை சரியாகி வந்தால் தொட்டி உனக்குத்தான் என்றார் அவர். மத்தியானம் மழை தூறியது. காய வைத்திருந்த பொம்மைகளை எல்லோருமாகச் சேர்ந்து உள்ளே எடுத்து வைத்தார்கள்.

சாயங்காலம் அன்னமேரி கடைக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொல்லிப் பூவாயியிடம் காசு கொடுத்தாள். பூவாயி எண்ணெயோடு வீட்டுக்கே வந்தாள். கடை வாசலில் இப்போது ஈரச் சாக்கு விரித்திருக்கிறார்கள், எல்லோரும் அதில் துடைத்துவிட்டுச் செருப்போடு போகலாம், வாசலில் வேறு ஆள் நிற்கிறான் என்று சொன்னாள். கோதண்டபாணி பின்பக்கம் அரிசி மூட்டை இறக்குகிற இடத்தில் இருந்தாராம்.

“என்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. ஒனக்குக் கை எப்டி இருக்குதுன்னு கேட்டாரு.”

பூவாயி போன பிறகு அன்னமேரி செருப்பைப் பையிலிருந்து எடுத்துக் குழாயடியில் இடது கையால் தேய்த்துக் கழுவினாள். மண் காய்ந்து இறுகியிருந்தது, வர நேரமாயிற்று. சுவரோரம் சாய்த்து வைத்தாள். செபாஸ்டியன் வந்து சாப்பிட்டான். திங்கட்கிழமை விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் புதுச்சேரி டாக்டரிடம் போவது என்று பேசி முடித்தார்கள்.